ஞாயிறு நாலு மணி: பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைப்பது எப்படி

முதல் கூட்டத்தை நாங்கள் நன்றாகவே சொதப்பினோம். நூலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஒரு பக்கம் பெரியவர்கள், எதிர்ப்பக்கம் பிள்ளைகள், நடுவில் ஒரு மைக். தலைமை தாங்கியவர் முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டுக்குடும்பம் போச்சு, மரியாதை போச்சு, செல்போன் வந்ததும் எல்லாமே போச்சு என்று அவர் அடுக்க அடுக்க, எதிரே பிள்ளைகளின் தலை ஒவ்வொன்றாகக் குனிந்தது. செல்போனைப் பார்க்கத்தான். கடைசியில் பெரியவர்களுக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்குப் பேனா, எல்லோரும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ. அடுத்த வாரம் வந்தது மூன்று பெரியவர்களும் ஒரு பையனும். அந்தப் பையனும் புத்தகம் மாற்ற வந்தவன்.

அதற்கு அப்புறம் தட்டுத் தடுமாறி ஒரு வழிக்கு வந்து, மூன்று வருடமாக எங்கள் டெல்டா ஊரில் இது நடக்கிறது. பெயர்கூட வைக்கவில்லை. ஊரில் "ஞாயித்துக்கிழமை நாலு மணி" என்றுதான் சொல்கிறார்கள். "எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், எப்படி?" என்று அடிக்கடி யாராவது கேட்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். பெரிய நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இதில் பாதிதான் பொருந்தும். சின்ன ஊருக்கும் டவுனுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

'சேவை' என்று ஆரம்பிக்காதீர்கள்

கல்லூரிப் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்கு கேக் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. கேக் வெட்டி, இரண்டு பாட்டுப் பாடி, போட்டோ எடுத்து, ஐந்து மணிக்குப் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். அக்டோபர் 1 முதியோர் தினம் வந்தால் இதே கதை பத்து இடத்தில் நடக்கும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு யாரும் வேறு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் கொடுக்க வந்தவர் ஒரு பக்கம், வாங்கிக்கொள்பவர் இன்னொரு பக்கம் என்று முதல் நாளே பிரித்துவிட்டால் அந்த உறவு அன்று சாயங்காலத்தோடு சரி.

எங்களுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: இரண்டு தரப்பும் சேர்ந்தால் மட்டுமே முடியக்கூடிய ஒரு வேலையை நடுவில் வையுங்கள். பேச்சு தானாக வரும். அதோடு, அதே ஆட்கள் வாராவாரம் வரவேண்டும். ஐம்பது பேர் ஒரு நாள் வருவதைவிட எட்டுப் பேர் இருபது வாரம் வருவது மேல்.

வெளிநாடுகளில் நன்றாக ஓடுகிற திட்டங்களைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் ஹ்யுமானிடாஸ் முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வாடகை இல்லாமல் அறை கொடுக்கிறார்கள். பதிலுக்கு அவர்கள் மாதம் 30 மணி நேரம் அங்கே உள்ளவர்களுக்கு நல்ல அண்டைவீட்டுக்காரர்களாக இருக்கவேண்டும். மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்கள் வேலை இல்லை. அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய எக்ஸ்பீரியன்ஸ் கோர் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகள் வாசிப்பதற்கு உதவுகிறார்கள். பால்டிமோர் நகரத்தில் வாரம் 15 மணி நேரம் வரை போனார்கள். அது கிட்டத்தட்ட பகுதிநேர வேலை. நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் விடாமல்.

ஆட்களை எங்கே பிடிப்பது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே பெரியவர்கள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சரியானவர்கள் வெளியே வருவதில்லை, அதுதான் சிக்கல். நோட்டீஸ் ஒட்டினால் யார் வருவார் தெரியுமா? ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வங்கி மேலாளர், சங்கத் தலைவர். அவர்களும் வரட்டும், ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே நாலு மேடை இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாட்டி, மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருக்க இரண்டு அறை வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் தாத்தா, கொத்தனார் வேலையிலிருந்து முட்டிவலியால் நின்றவர், இவர்களைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும்.

எங்களுக்குக் கை கொடுத்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் வந்த திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது, யார் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்திப் பேசுவார் என்று அவருக்கு அத்துப்படி. அவரிடம் நோயாளிகளின் பட்டியலைக் கேட்காதீர்கள், அது தப்பு. "இந்த மாதிரி ஒண்ணு நடக்குது, விருப்பம் இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். ரேஷன் கடை வரிசையும் நல்ல இடம்.

அழைக்கும்போது "சும்மா வாங்க, பேசிக்கிட்டிருக்கலாம்" என்றால் யாரும் வரமாட்டார்கள். "எனக்கு என்னப்பா தெரியும்" என்பார்கள். குறிப்பாகப் பெண்கள். "ஆறாங்கிளாஸ் பசங்களுக்குப் பல்லாங்குழி ஆடத் தெரியல, கணக்கு மறந்துடும்போல இருக்கு, நீங்க வந்து ஒருநாள் சொல்லிக்கொடுங்க" என்று ஒரு குறிப்பான வேலையோடு போனால் புடவை மாற்றிக்கொண்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளில் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஞாயிறும் டியூஷன்தான். ஆறிலிருந்து ஒன்பது வரை படிக்கிறவர்களும் கல்லூரி முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்களும்தான் நிலையாக வருவார்கள். பக்கத்தில் கல்லூரி இருந்தால் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்கள். அதில் சேர்ந்த மாணவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் சமூகப்பணி காட்டவேண்டும், அவருக்கும் ஏதாவது வேலை தேவைப்படும். சான்றிதழுக்காக வருகிறார்களே என்று முகம் சுளிக்காதீர்கள். எங்களிடம் சான்றிதழுக்காக வந்த ஆறு பேரில் நாலு பேர் மணிக்கணக்கு முடிந்ததும் நின்றுவிட்டார்கள், இரண்டு பேர் படிப்பு முடிந்த பிறகும் வருகிறார்கள். இரண்டு பேர் எனக்கு லாபம்.

இடமும் நேரமும்

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் முக்கால்வாசி முயற்சிகள் இங்கேதான் படுத்துவிடுகின்றன.

முதலில், யாரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமா? ஒரு சமூகத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், காற்றோட்டமாகவும் இருக்கும். ஆனால் ஊரில் பாதித் தெரு அங்கே கால் வைக்காது. கோயில் மண்டபத்துக்கும் அதே கதைதான். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். நீங்களும் "ஆர்வம் இல்லை" என்று முடிவுகட்டிவிடுவீர்கள். கிளை நூலகம், அரசுப் பள்ளி, ஊராட்சிக் கட்டடம், இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும், அது நமக்கு வசதி. வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும். பல ஊர்களில் அது ஏட்டில் மட்டும் இருக்கும். அதன் பெயரில் அனுமதி கேட்டால் நூலகருக்கும் மேலே பதில் சொல்ல எளிது.

அப்புறம் கழிப்பறை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பெண்கள் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. உட்காரும் வகைக் கழிப்பறை இல்லாவிட்டால் முட்டிவலி உள்ளவர்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வெயில் காலத்தில் அது ஆபத்து. எங்கள் நூலகத்தில் இல்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் பேசி ஏற்பாடு செய்தோம். முதல் வருடம் முழுக்க அந்த அம்மாவுக்குத்தான் நான் அதிக நன்றி சொல்லியிருப்பேன். படிக்கட்டு மூன்றுக்கு மேல் இருந்தால் கைப்பிடி வேண்டும். நாற்காலிக்குக் கை இருக்கவேண்டும், ஏனென்றால் ஊன்றி எழுந்திருக்க வேறு வழியில்லை. பாய் விரித்தால் அழகாகத்தான் இருக்கும், கீழே உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு ஆள் தேவைப்படும்.

நேரம் நாலு முதல் ஐந்தரை. காலையில் பெரியவர்களுக்கு வீட்டு வேலை, ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு, தூக்கம். ஆறு மணிக்கு மேல் கண்புரை உள்ளவர்களுக்கு எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசும், தனியாக நடக்கப் பயப்படுவார்கள். மார்ச், ஏப்ரலில் தேர்வு, மேயில் வெயில். நாங்கள் மே மாதம் முழுக்க நிறுத்திவிடுகிறோம். முதல் வருடம் விடாப்பிடியாக நடத்தப் பார்த்தேன், ஒருவருக்குத் தலை சுற்றிவிட்டது.

முதல் நாள்

வரவேற்புரை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம். வருகிறவர் கையில் உடனே ஏதாவது இருக்கவேண்டும். எங்களுக்கு வசதியாக அமைந்தது ஆடுபுலி ஆட்டம். ஒரு மேசையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து கூழாங்கல் ஆடு. ஆடு வைத்திருப்பவர் புலியை நகரவிடாமல் அடைக்கவேண்டும், புலி தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டவேண்டும். செலவே இல்லை. விதி ஐந்து நிமிடத்தில் புரியும். ஆனால் பழகியவரை ஜெயிக்கப் பல வாரம் ஆகும், பிள்ளைகளுக்கு ரோஷம் வரும், அடுத்த வாரம் வருவார்கள். கட்டம் எப்படி வரைவது என்பதிலேயே இரண்டு பெரியவர்களுக்குள் சண்டை வரும். விட்டுவிடுங்கள், அதுவும் நல்லதுதான்.

கூப்பிடுகிற முறையை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று அழைக்கச் சொன்னேன். அறுபத்திரண்டு வயது அம்மா ஒருவர், "நான் யாருக்குடா பாட்டி?" என்று எழுந்துவிட்டார். அவர் முப்பது வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவர், அவரை டீச்சர் என்றால்தான் பிடிக்கும். ஒருவர் மாமா என்றால் போதும் என்றார். கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களிடமும் ஒன்று சொல்லியாகவேண்டும், கொஞ்சம் சங்கடமான விஷயம். புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்ததும் நம் ஊரில் வரும் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் புள்ள? எந்தத் தெரு?" பாசமாகத்தான் கேட்பார்கள். ஆனால் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதுதான் என்று கேட்பவருக்கும் தெரியும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முதல் மாதத்திலேயே ஒரு பெண் இந்தக் கேள்விக்கு அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள், காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு பெரியவரிடமும் வாசலிலேயே தனியாகச் சொல்லிவிடுவேன்: பெயர் கேளுங்க, என்ன படிக்கிறான்னு கேளுங்க, தெரு வேண்டாம். டீ, தண்ணீர் எல்லோருக்கும் ஒரே டம்ளர். இதற்கு ஒத்துவராதவர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

பேச வைக்கும் கேள்விகள்

ஆட்டம் நாலைந்து வாரம் ஓடும். அதற்குள் ஒருவருக்கொருவர் முகம் பழகிவிடும், அப்போது பேச்சைப் பதிவு செய்யும் வேலையை ஆரம்பிக்கலாம். பிள்ளைகளிடம் நோட்டும் போனும் கொடுத்து, "தாத்தாவோட வாழ்க்கை அனுபவத்தைக் கேட்டு எழுது" என்றால் செத்தோம். "அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு" என்று ஒரு வரி வரும், அதற்கு மேல் அவருக்கும் ஓடாது, இவனுக்கும் ஓடாது.

கேள்வி சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்கவேண்டும். உங்க வீட்டுக்கு முதல்ல கரண்ட் எப்ப வந்துச்சு, முதல் பல்பு எந்த இடத்துல மாட்டினாங்க? முதல் சம்பளம் எவ்வளவு, அதுல என்ன வாங்கினீங்க? பள்ளிக்கூடத்துல எதுக்கு அடி வாங்கினீங்க? ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பாட்டி, மகன் பிறந்த செய்தியைக் கணவருக்குச் சொல்லப் போன கதையை இருபது நிமிடம் சொன்னார்.

அணாவில் ஆரம்பித்துப் பாருங்கள். 1957 ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. அதற்கு முன் பதினாறு அணா ஒரு ரூபாய். இப்போது எண்பதை நெருங்குகிறவர்களுக்குக் காலணா, அரையணா கையில் பிடித்த ஞாபகம் இருக்கும். வகுப்பில் பின்னத்தைக் கண்டு ஓடுகிற பையன், மூன்றரை அணா போனால் மீதி எவ்வளவு என்று உட்கார்ந்து யோசிக்கிறான். படிக்கணக்கும் அப்படித்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு பாட்டி பித்தளைப் படியையும் உழக்கையும் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அரிசியை அளந்து அளந்து கொட்டி அன்றைக்கு நூலகத் தரை முழுக்க அரிசி. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூணு படி" என்று சொன்னார்களே, அது எவ்வளவு அரிசி என்று பிள்ளைகள் கேட்க, பெரியவர்களுக்குள் அரசியல் சண்டை ஆரம்பிக்க, நான் டீயைக் கொஞ்சம் முன்னதாகவே கொடுத்துவிட்டேன்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடுங்கள், பதிவு செய்ததை வெளியே போடுவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள். பேச்சு சுவாரசியத்தில் பங்காளிச் சண்டை, நிலத் தகராறு எல்லாம் வந்துவிடும். அதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றினால் உங்கள் கூட்டம் அன்றோடு முடிந்தது.

காது பற்றி ஒரு வார்த்தை. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான், அதனால் பிள்ளைகள் குரல்தான் அவர்களுக்கு அதிகம் புரியாது. கத்தினால் இன்னும் மோசம். முகத்தைப் பார்த்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, நிறுத்திப் பேசப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பேசும் நேரத்தில் மின்விசிறியைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும்.

போன் சொல்லிக்கொடுப்பது

எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான். நான் வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன். போன் வகுப்பிலிருந்து ஆரம்பித்தால் பெரியவர் முதல் நாளிலிருந்தே தெரியாதவர், பிள்ளை தெரிந்தவன். "அட, இதுகூடத் தெரியாதா" என்று ஒரு வார்த்தை வந்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஆடுபுலியில் அவரிடம் பத்து முறை தோற்ற பையன் போன் சொல்லிக்கொடுத்தால் கணக்கு சமமாக இருக்கும்.

இரண்டு விதி: பெரியவரின் போனைப் பிள்ளை கையில் வாங்கக்கூடாது, அவர் விரல்தான் அழுத்தவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான். எழுத்தைப் பெரிதாக்குவது முதல் நாள். அடுத்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது. தட்டச்சு செய்யக் கண்ணும் விரலும் ஒத்துழைக்காதவர்களுக்கு அது பெரிய விடுதலை, பேரனுக்குத் தினம் காலையில் ஏழு நிமிடத்துக்கு அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள் (பேரன்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்).

நவம்பருக்கு முன்னால் ஜீவன் பிரமாண் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் நவம்பரில் சான்று கொடுக்கவேண்டும், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வயதானவர்களின் ரேகை தேய்ந்திருக்கும், விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது, வங்கிக்கு மூன்று முறை அலைவார்கள். 2021 முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். ஆதார் எண்ணும் ஓய்வூதிய ஆணை எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் பக்கத்தில் இருக்கட்டும். போன வருடம் ஒரே சாயங்காலத்தில் ஐந்து பேருக்கு முடித்தோம், கல்லூரிப் பிள்ளைகள்தான் செய்தார்கள். இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், பொறுப்பாளர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

மோசடி பற்றி ஒரு முழு நாள் தேவை. பாடமாக நடத்தாதீர்கள், நாடகமாகப் போடுங்கள். ஒரு பையன் போலீஸ் அதிகாரி மாதிரி வீடியோ காலில் வந்து "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டட்டும், பாட்டி பதில் சொல்லட்டும். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று சிரித்துக்கொண்டே பதிந்துவிடும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடிக்கவேண்டும், நேரம் கடந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம் என்பதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

பாதுகாப்பு

நல்லவர்கள்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும். எப்போதும் பொறுப்பாளர் இரண்டு பேர் இருக்கவேண்டும், அதில் ஒருவர் பெண். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பிள்ளைகள் யார் வீட்டுக்கும் தனியாகப் போகக்கூடாது, மருந்து வாங்கிக்கொடுக்கக்கூட. பிள்ளைகளின் முகம் தெரியும் போட்டோ வெளியே போகக்கூடாது. பணம் கடன் கொடுப்பது, வாங்குவது, ஏடிஎம் கார்டைக் கொடுத்து அனுப்புவது மூன்றும் கூடாது. பிள்ளைக்கு ஏதாவது தப்பாக நடந்தால் 1098, பெரியவர் வீட்டில் அடி வாங்குகிறார், சோறு போடவில்லை என்று தெரியவந்தால் முதியோருக்கான 14567. எங்களுக்கு ஒரு முறை இரண்டாவது எண் தேவைப்பட்டது. ஒரு சிறுமிதான் கவனித்துச் சொன்னாள்.

ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு அட்டை: பெயர், வீட்டார் எண், என்ன நோய், என்ன மாத்திரை. யாராவது மயங்கினால் 108க்கு அடிப்பது யார், அட்டையை எடுப்பது யார் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

ஒருநாள் ஒருவர் இறந்துபோவார்

இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. எங்களுக்கு இரண்டாவது வருடத்தில் நடந்தது. அவர் தையல்காரர், எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேருக்குத் துணிப்பை தைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை இறந்தார். ஞாயிற்றுக்கிழமை பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன். வியாழக்கிழமை காலை பள்ளிக்குப் போகிற வழியில் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து அந்தப் பெண்கள் தெரிந்துகொண்டார்கள்.

அன்றே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். போய்ப் பார்க்க விரும்பும் பிள்ளையைப் பெற்றோரோடு போகவிடுங்கள், விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். வந்து உட்கார ஒரு இடம் வேண்டும். பாதியில் நின்ற பையை முடிக்கலாமா என்று கேட்டேன். ஒருத்தி வேண்டாம் என்றாள், இன்னொருத்தி வீட்டுக்கு எடுத்துப்போனாள். இரண்டுக்கும் சரி என்றேன்.

செலவு

அதிகமில்லை. டீக்கும் சுண்டலுக்கும் சேர்த்து வாரம் 400 ரூபாய்க்குள் முடிகிறது. (பிஸ்கட், கேக் வேண்டாம். சுண்டலைச் சர்க்கரை உள்ளவரும் சாப்பிடலாம், பல் இல்லாதவருக்குப் பட்டாணியைக் குழைய வேகவைத்தால் போதும்.) ஐந்து பேர் மாதம் ஆளுக்கு 350 போடுகிறோம், மிச்சமானால் சாக்பீஸ், நோட்டு. டீயை நூலக வராந்தாவில் வைத்துக் கொடுங்கள், புத்தகத்தில் கொட்டினால் நூலகரின் ஆதரவு போய்விடும்.

ஸ்பான்சர் பிடித்தால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவர் வருடச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னார். வாசலில் அவர் படத்தோடு பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ், மாதம் ஒரு முறை அவர் தலைமையில் நிகழ்ச்சி, இது இரண்டும்தான் கேட்டார். மறுபடியும் மைக், மறுபடியும் பொன்னாடை. பணம் வேண்டாம், கை வைத்த நாற்காலி ஆறு வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கி அனுப்பினார். கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் அவர் பெயரைப் போட்டு 'உபயம்' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. ஆள் உட்கார்ந்துவிட்டால் தெரியாது.